பின்சீட்டின் உயரம்

அத்தியாயம் 3

சீட்டை யாரோ உயர்த்தியிருந்தார்கள். உயர்த்திவிட்டுத் திரும்ப இறக்கியும் இருந்தார்கள். இறக்கியதில்தான் கோட்டை விட்டிருந்தார்கள்.

"ஒரு நூல் அளவுதான் கூட இருக்கு," என்றாள் அவள். "ஆனா என் முட்டிக்குத் தெரியுது."

அவள் பல் செட் தயாரிக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். கடைவாய்ப்பல் ஒன்று மயிரிழை உயர்ந்து நின்றாலும், மெழுகில் விழுந்த தடத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். கொஞ்ச நாளாகத் தன் வீட்டையும் அவள் அப்படித்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே இடிக்கிறது, எது பழைய உயரத்தில் இல்லை என்று.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சுவரோடு சாய்ந்து நின்றது அந்த இரட்டைச் சைக்கிள். கல்யாணமான புதிதில் வாங்கியது. முன்சீட்டில் கணவன். ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் அவன் கையில். பின்சீட்டில் அவள். மிதிப்பது மட்டும்தான் அவள் வேலை. அவன் முதுகைத் தவிர வேறு காட்சி கிடையாது. கால்வாய்க் கரையில் எதிர்காற்று அடிக்கும்போது அந்த முதுகுக்குப் பின்னால் காற்றே இருக்காது. மலை இறக்கத்தில் அவள் கண்ணையே மூடிக்கொள்வாள். உலகத்தில் வேறு எங்கேயும் அவள் அப்படிக் கண்ணை மூடியதில்லை.

இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து போகிறார்கள்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து பல வருஷம் ஆகியும் அவரை விட்டுக் கறுப்புக் கோட்டு போனதே தவிர, பெயர் போகவில்லை.

"முட்டி வலிக்குது, கொஞ்ச நாளைக்கு சைக்கிள் வேண்டாம்னார். எனக்கு ஏக்கமா இருந்துச்சு. அதான் தனியா வந்து ஏறி உக்காந்து பாத்தேன்." சொன்ன பிறகு அவளுக்கு வெட்கமாக இருந்தது. "நான் குள்ளம். என் உயரத்துக்கு நகப்பூச்சால கம்பியில கோடு போட்டு வெச்சிருக்கேன். பாருங்க, கோடு வெளிய தெரியுது."

"ஆக, பின்னால உக்காந்தது உயரமான ஆள்," என்றான் வக்கீலம்மாவின் உதவியாளன். அவனை எல்லோரும் வால் என்றே கூப்பிட்டார்கள். ஆளைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரன். வாயை மூடுவதில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. "உயரமான பொண்ணுன்னு முடிவே பண்ணிட்டீங்களா மேடம், இல்ல தேர்தல் உண்டா?"

"நெட்டைன்னு ஒருத்தி இருக்கா. எங்க சைக்கிள் கிளப்ல. பாஸ்கெட்பால் கோச்."

நெட்டையின் ஒவ்வொரு ஜெர்ஸியும் அவளுக்கு மனப்பாடம். போன முறை கிளப்பில் எல்லோரும் நின்று தண்ணீர் குடித்தபோது, நெட்டை அவள் கணவனின் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசியதும், அவன் நெட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததும் நேற்று நடந்ததுபோல் இருந்தது.

"அவர் முன்ன மாதிரி இல்லைங்க," என்றாள். "பக்கத்துல வந்து நின்னா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. டம்ளரை நீட்டினா என் கை அந்தரத்துல நிக்கும். நேரா எதுத்தாப்ல போய் நின்னாதான் 'ஓ, நீயா'ம்பார்."

"எங்க வீட்ல எதுத்தாப்ல நின்னாலும் அந்த மரியாதை கிடையாது," என்றான் வால்.

வக்கீலம்மா சேலையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பிறகு பிரேக் கட்டையை விரலால் தடவினார்.

"தட்டு மாதிரி ஊரு. எந்தப் பக்கம் போனாலும் கால்வாய். இங்க பிரேக் கட்டை எதுக்குத் தேயணும்?"

அவள் குனிந்து பார்த்தாள். கடைசி மலைச் சவாரிக்குப் பிறகு புதிதாக மாட்டிய கட்டையில் ரப்பர் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. வயல்களுக்கு அப்பால், வானம் தெளிந்த நாட்களில் நீலமாகத் தெரியும் மலை நினைவுக்கு வந்தது.

"மலைக்கா போறாங்க? முட்டி வலின்னாரே."

"மலை ஏறினா வலிக்கத்தானே செய்யும்," என்றான் வால். வக்கீலம்மா அவனை ஒரு பார்வை பார்க்க, அவன் கொட்டகைக் கூரையை ஆராயத் தொடங்கினான்.

வக்கீலம்மா எழுந்து முன் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். விரல்களை நீட்டி பிரேக் பிடியை அழுத்தினார், விட்டார், மறுபடியும் அழுத்தினார்.

"உங்க வீட்டுக்காரர் கை பெருசா?"

"பெருசுதான். மொபைல் ரிப்பேர்க் கடை வெச்சிருக்கார், இவ்வளவு பெரிய கையால எப்படித்தான் அந்தக் குட்டி பார்ட்டைப் பிடிக்கறாரோன்னு எல்லாரும் கேப்பாங்க. ஏன்?"

"சும்மாதான். நீங்க இதைத் தொட்டதுண்டா?"

"நான் எதுக்குத் தொடணும்? அது அவர் இடம்."

வக்கீலம்மா பிடியின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் மலைச் சவாரி. அதற்குள் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று சொல்லித்தான் இவர்களைக் கூப்பிட்டிருந்தாள். தெரிந்துவிட்டால் அந்தச் சைக்கிளிலும் ஏறுவதில்லை, இந்த வீட்டிலும் இருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். பெட்டிகூடப் பாதி அடுக்கியாகிவிட்டது.

மறுநாள் காலை பட்டறைக்குப் போவதுபோலக் கிளம்பி, தெருமுனையில் நின்ற வாலின் காரில் ஏறிக்கொண்டாள்.

கால்வாய் நாட்டில் ஒருவனைப் பின்தொடர்வதுபோல அவஸ்தை வேறில்லை. மறைந்துகொள்ள ஒரு மேடு இல்லை, ஒரு திருப்பம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயலும் தண்ணீரும் வானமும். ஒரு கொக்கு நின்றால்கூட அடுத்த ஊருக்குத் தெரியும்.

"இங்க திருட்டுத்தனமா காதல் பண்றவங்களுக்கு ஒரு மெடல் குடுக்கணும் பாஸ்," என்றான் வால், காரைக் கால்வாயின் மறுகரையில் ஊர்ந்து செலுத்தியபடி.

எதிர்க்கரையில் அவள் கணவன் போய்க்கொண்டிருந்தான். ஓட்டவில்லை. அவ்வளவு நீளச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துபோனான்.

"நல்லா இருக்கற வண்டியை எதுக்குத் தள்ளிக்கிட்டுப் போறார்?" என்றார் வக்கீலம்மா.

"அவ வந்து ஏறினாதான் ஏறுவாராக்கும்," என்றாள் அவள். என்னோடு போகும்போது ஒரு நாளாவது இப்படித் தள்ளிக்கொண்டு வந்து எனக்காகக் காத்திருந்தானா? நான்தானே முதலில் போய்க் கொட்டகையைத் திறப்பேன், காற்றடிப்பேன். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தாள்.

மதகு வந்தது. மதகு வீட்டுச் சுவருக்குப் பின்னால் அவன் சைக்கிளோடு மறைந்தான். அங்கே பாலம் கிடையாது. கார் அடுத்த பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், இரட்டைச் சைக்கிள் கரைச்சாலையில் வெகுதூரம் போய் இரண்டு புள்ளியாகிவிட்டிருந்தது. இரண்டு தலைகள். அவ்வளவு தூரத்திலும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் இருந்த தலை, முன்னால் இருந்த தலையைவிட உயரம்.

"பாத்தீங்களா? நெட்டை," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. இத்தனை நாள் சந்தேகமாக இருந்தபோது வலித்தது வேறு. இப்போது, சரியான இடத்தில் பல் பிடுங்கியதுபோல, வலியோடு ஒரு நிம்மதியும் இருந்தது. நான் பைத்தியம் இல்லை.

"வால், அந்த கோச் வேலை பாக்கற ஸ்கூலுக்கு ஒரு போன் போடு."

வால் போனை ஸ்பீக்கரில் வைத்தான். குரலை இழுத்துப் பேசினான். "வணக்கம், என் பொண்ணை பாஸ்கெட்பால்ல சேக்கணும். கோச் இருக்காங்களா?"

யாரோ கூப்பிடும் சத்தம், பந்து தரையில் அடிபடும் சத்தம், விசில். பிறகு மூச்சிரைக்க ஒரு பெண் குரல்: "சொல்லுங்க, நான்தான் கோச். பொண்ணு எவ்வளவு உயரம்?"

அவளுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். நெட்டையேதான்.

"இன்னும் பொறக்கல மேடம், பொறந்ததும் கூப்பிடறேன்," என்று சொல்லிப் போனை வைத்தான் வால்.

கையில் இருந்த ஒரே எதிரியும் பறிபோனதுபோல் இருந்தது அவளுக்கு. நெட்டை இல்லையென்றால் யார்? உயரமான பெண்களையெல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரி. எதிர்வீட்டு மருமகள். ஒவ்வொருத்தியும் இரட்டைச் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கினாள்.

"மெயின் ரோடு வழியா சுத்திப் போய், மலைப்பாதையில அவங்களுக்கு முன்ன மேல நில்லு," என்று வாலிடம் சொன்னார் வக்கீலம்மா.

மலை தொடங்கியதும் காற்று மாறியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், லாரிகள் ஒதுங்கும் மண்திட்டில் காரை மறைத்து நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து சங்கிலி அரைபடும் சத்தமும் இரண்டு பேர் மூச்சும் கேட்டன. அவள் கதவைத் திறக்கப் போனாள். வக்கீலம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறட்டும். மூச்சு வாங்கற ஆள்கிட்ட சண்டை போட்டா பாதிதான் பதில் வரும். இறங்கி வரும்போது பேசலாம். அதுவரைக்கும் நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க."

புதருக்கு அப்பால் சைக்கிள் மேலே கடந்துபோனது. காலும் சக்கரமும் மட்டும்தான் தெரிந்தன.

"நீங்க பின்சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க, அது உங்க சீட்டுங்கறதால. நான் முன்னால பாத்தேன். பிரேக் பிடிக்குள்ள ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பினா பிடி உள்ள வரும். சின்னக் கைக்காரங்களுக்கு விரல் எட்டறதுக்காக. ரெண்டு பக்கமும் முழுசா உள்ள இழுத்து வெச்சிருக்கு. உங்க வீட்டுக்காரர் கைக்கு அது நசுங்கின மாதிரி இருக்கும்."

"அப்படின்னா?"

"சீட்டைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவரணும்னு ஞாபகம் வந்தவங்களுக்கு, அந்த ஸ்க்ரூ ஞாபகம் வரல. முன்னால உக்காந்து ஓட்டறது சின்னக் கை உள்ள ஆள்மா. உயரமான ஆள் பின்னால உக்காந்திருக்கார். உங்க சீட்ல."

"உயரமான ஆள்னா..."

"உங்க வீட்டுக்காரர்தான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பழைய வேதனையெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. இன்னொருத்தியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனான் என்றால், எனக்குக் கொடுத்ததை அவளுக்கும் கொடுத்தான், அவ்வளவுதான். முன்சீட்டைக் கொடுப்பது வேறு. ஹேண்டிலையும் பிரேக்கையும் கொடுத்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அவன் அதை ஒரு தடவைகூட நீட்டியதில்லை. வேண்டுமா என்று கேட்டதுகூட இல்லை.

"மூக்கணாங்கயித்தையே கழட்டிக் குடுத்துட்டார்னு சொல்லுங்க," என்று ஆரம்பித்த வால், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மேலேயிருந்து பிரேக் கிறீச்சிடும் சத்தம் வந்தது. அவள் இறங்கிப் போய்ச் சாலை நடுவில் நின்றாள்.

வளைவில் சைக்கிள் திரும்பியது. பின்னால் இருந்த அவள் கணவன் என்னவோ சொல்ல, முன்னால் இருந்த குள்ளமான பெண் ஹெல்மெட்டோடு தலையை ஆட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. சைக்கிள் சறுக்கி நின்றது.

முன்சீட்டில் இருந்தது அவள் தங்கை.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே கை அளவு, ஒரே செருப்பு அளவு. ஆனால் வீட்டில் எந்தச் சேதியும் முதலில் தங்கைக்குத்தான் போகும். அப்பாவின் நோய்கூட அவளுக்குத் தெரிந்து பல நாள் கழித்துத்தான் அக்காளுக்குத் தெரிந்தது. "உன்னால தாங்க முடியாதுன்னு சொல்லல" என்பார்கள்.

அவள் தங்கையைத் தாண்டி நேராகக் கணவனின் இடப்பக்கம் போனாள். கை தானாக ஓங்கியது.

அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கை நின்றது. அவன் தலையைக் குனியவில்லை. கண்கூட இமைக்கவில்லை. முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. முன்னால் இருந்த முதுகைப் பார்த்துச் சொன்னான்:

"ஏன் நிறுத்திட்டே? ஏதாவது குறுக்க வந்துச்சா?"

ஓங்கிய கையோடு அவள் நின்றாள். மூச்சுவிட்டால் அவன் கன்னத்தில் படும் தூரம். அவன் அவளைப் பார்க்கவேயில்லை.

கையை மெதுவாக முன்னால் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். அவன் மூக்குக்கு நேராக வந்தபோதுதான் அவன் திடுக்கிட்டுத் தலையை முழுசாகத் திருப்பி, அந்தக் கை யாருடையது என்று தேடினான்.

"ஓ," என்றான். "நீயா."

வக்கீலம்மா இரண்டடி பின்வாங்கினார். சின்னக் கை வரைக்கும்தான் அவருடைய கணக்கு வந்திருந்தது. இதற்கு மேல் அவருக்கும் புதிது. வால் வாயே திறக்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றாள் அவள்.

"பார்வையில ஓரம் ரெண்டும் போயிடுச்சு," என்றான் கணவன். "நடுவுல நல்லாத் தெரியுது. கடையில எந்த போனையும் பிரிச்சு மாட்டிடுவேன். பக்கவாட்டுலதான்... ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரி. போனது வராதாம். இருக்கறதை மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாம்னாங்க."

"அதைக் கேக்கல. இவளுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றினாள். "ஒரு நாள் என் டிரெய்னிங் காரை ஓட்டினார்க்கா. பக்கத்துல வந்த வேனை இவர் பாக்கவே இல்ல. நான் என் பக்கத்து பிரேக்கைப் போட்டேன். அப்புறம் நான்தான் டாக்டர்கிட்ட..."

"நீதான் கூட்டிட்டுப் போனே."

"அத்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். ஓட்டக் கத்துக்க எத்தனையோ பேர் என்கிட்ட வந்திருக்காங்க. ஓட்டாம உக்காரக் கத்துக்க வந்தது இவர் ஒருத்தர்தான். முதல் நாள் இந்த இறக்கத்துல பயத்துல என் சட்டையைக் கிழிச்சுட்டார்."

சட்டையைப் பிடித்த அவன் கையைப் பற்றி, அந்தப் பயத்தைப் பற்றி, தங்கை தனக்குச் சொந்தமான ஒரு பொருளைப்போலப் பேசினாள். அதுதான் அவளைச் சுட்டது. நெட்டையாக இருந்திருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? இவன் பயந்த முதல் நாளை இன்னொருத்தி பார்த்துவிட்டாள். இனி அது திரும்ப வராது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் தலையைத் திருப்பித் திருப்பி அவள் முகத்தை நடுவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். "போன மழைக்கு முன்னால, இதே வளைவுல ஒரு தள்ளுவண்டி. எனக்குத் தெரியவே இல்ல. வண்டிக்காரன் கத்தினதுலதான் ஒடிச்சேன். நீ பின்னால கண்ணை மூடிக்கிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தே. உனக்குத் தெரியக்கூட இல்ல. அன்னிக்கு முடிவு பண்ணேன், உன்னை ஏத்தறதில்லன்னு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பின்னால உக்கார பழகிட்டு, உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். பயந்து நடுங்கறதை நீ பாக்க வேண்டாம்னு நினைச்சேன்."

"நான் பாக்காம வேற யார் பாக்கணும்?"

அவள் தங்கை பக்கம் திரும்பினாள்.

"இறங்குடி."

"அக்கா, இது இறக்கம். நீ ஓட்டினதே இல்ல. பின் பிரேக்கை முதல்ல பிடிச்சு..."

"நீ போய் அந்தக் கார்ல ஏறு."

தங்கை இறங்கினாள். வால் கார்க் கதவைத் திறந்துவிட்டான். வக்கீலம்மா மட்டும் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார்.

"வளைவு முடியற வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்கமா. நாங்க பின்னால வர்றோம்."

அவள் தலையாட்டினாள். ஹேண்டிலைப் பிடித்தாள். பிரேக் பிடி கச்சிதமாக விரலுக்குள் வந்து உட்கார்ந்தது. தங்கைக்காகத் திருப்பி வைத்த ஸ்க்ரூ. இன்று ராத்திரியே ஒரு சுற்றாவது மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். மாற்றினால் விரல் எட்டாது என்பது தெரிந்தும் நினைத்தாள்.

மலை இறங்கும் வரை இருவரும் நடந்தார்கள். அவள் முன்னால் தள்ள, அவன் பின்சீட்டில் கைவைத்துக்கொண்டு வந்தான். பின்னால் கார் ஊர்ந்தது. "பாஸ், இந்தம்மா என் பக்கத்துல உக்காந்து காத்துலயே பிரேக் போட்டுக்கிட்டு வர்றாங்க, எனக்குக் கால் கூசுது," என்று வால் சொல்வது கேட்டது.

சமதளம் வந்ததும், கால்வாய்க் கரையில் ஏறினார்கள். முதல் தடவை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து காலை ஊன்றினாள். இரண்டாம் தடவை நகர்ந்தது. முகத்தில் நேரடியாகக் காற்று அறைந்தது. கண்ணில் நீர் வந்தது. இத்தனை வருஷம் இந்தக் காற்று இவ்வளவு பலமாகவா அடித்துக்கொண்டிருந்தது?

"பார்வையைத் தூரத்துல வை," என்றான் பின்னாலிருந்து. "சக்கரத்தைப் பாக்காதே."

"தெரியும்."

சைக்கிள் ஆடியது. அவன் மூச்சு நின்று, மறுபடி வந்தது. அவள் இடுப்புப் பக்கம் சட்டையை அவன் விரல்கள் பற்றிக்கொண்டன. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் கிழியும் என்று நினைத்தாள். கிழியட்டும் என்றும் நினைத்தாள்.

அடுத்த மதகு தெரிந்தபோது கேட்டாள்:

"என்னைவிட அவ நல்லா ஓட்டறாளா?"

அவன் பொய் சொல்லப் போகிறானா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு மிதித்தாள்.

"ஆமா," என்றான். "ரொம்ப நல்லா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் வேகமாக மிதித்தாள்.